இன்ஜின் மேல் ஒரு போத்தல்

சீட்டுக்குப் பின்னால் வைத்தால் வெயில் படாது என்று நினைத்த மனுசனை என்ன சொல்ல! ஆட்டோவின் இன்ஜின் அதற்கு நேர் கீழேதான் கிடக்கிறது என்பது, தினமும் அதை ஓட்டுகிற ரிஃபாஸுக்குத் தெரியாதா? தெரியும். புத்தளத்திலிருந்து அந்தப் போத்தலைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தவர், வழியில் ஜும்ஆத் தொழுகைக்கு இறங்கும்போது வெயிலுக்குப் பயந்து பின்னால் தள்ளிவிட்டார்.

முந்தல் இறால் பண்ணையில் காத்திருந்த அவர் மனைவி நிஸ்மியா போத்தலைத் தொட்டாள். கை சுட்டது.

"யா அல்லாஹ்! என்ட பக்டீரியாவ அவிச்சா கொண்டந்திருக்கீங்க? உங்கள நம்பினேனே, என்னச் சொல்லணும்!"

அவள் பண்ணையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். குளத்தடியில் மிஞ்சிய தீனி அழுகி, இறால்கள் சோர்ந்து கிடந்தன. அந்த அழுக்கைத் தின்னும் பக்டீரியாவை மாதக்கணக்கில் வளர்த்தெடுத்தது அவள்தான். போன கிழமை கரண்ட் இல்லாமல் மற்றப் போத்தல்கள் பழுதாகி, மிஞ்சியது புத்தளத்து வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்த இது ஒன்றுதான். இதுவும் செத்திருந்தால் குளமும் போச்சு, அவள் பட்ட பாடும் போச்சு.

ரிஃபாஸ் குளத்து வரப்பில் போய்க் குந்திக்கொண்டார். சோற்றுப் பார்சலைக்கூடப் பிரிக்கவில்லை.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கலந்த பாலை ஊற்றி, நிஸ்மியா அதில் போத்தலிலிருந்து கொஞ்சம் விட்டாள். பக்டீரியா உயிரோடு இருந்தால் ஒரு புரதத்தைச் செய்து வெளியே விடும். அது பாலைக் கரைத்துத் தெளியவைக்கும். வழமையாகப் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் தெளிந்துவிடும். அன்று அஸர் பாங்கும் சொல்லியாயிற்று, பால் வெள்ளையாகவே நின்றது. போத்தலைக் கொட்டப் போனவள் வாசலில் நின்றுவிட்டாள்.

கோபத்தில் படித்ததையே மறந்துபோனாளே! சூடு பட்ட பக்டீரியா வழமையான புரதங்களைச் செய்வதைக் குறைத்துவிடும். சூட்டில் கோணிப்போனவற்றை நிமிர்த்தும் காவல் புரதங்களைத்தான் முதலில் மும்முரமாகச் செய்யும். வீடு பற்றி எரியும்போது யார் சோறாக்குவார்? நெருப்பை அணைத்த பிறகுதானே அடுப்பு.

போத்தலை நிழலில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் குழாயைத் தூக்கிப் பார்த்தால், அந்தப் பக்கம் அவள் விரல் தெரிந்தது.

"இஞ்ச வாங்க! சாகல்ல! அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் ஆகல்ல!"

ரிஃபாஸ் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "மெய்தானா புள்ள?"

"ஓம். சூட்டுல வேலைய நிப்பாட்டிட்டு உசிரப் புடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. நாளைக்குக் குளத்துல விடலாம்."

"நானும் அப்படித்தான் இருந்தன்," என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். ஆறிப்போன பார்சலைப் பிரித்து அவர் முன் வைத்தாள்.

"தின்னுங்க. ஆனா அடுத்த போத்தல் என்ட மடியிலதான் வரும்."