தகுதிக் கட்டம்

வாருங்கள். அவசர வேலை இருந்தாலும் ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு வாருங்கள். இந்த வீட்டில் கொலை நடக்கவில்லை, கூக்குரல் கேட்கவில்லை, வாசலில் கூட்டமும் இல்லை. அதனால்தான் நூறு முறை இவ்வழியே போயும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று பாருங்கள். சாப்பாட்டு மேசைமேல் நூலகப் பயிற்சிக்கான ஒரு படிவம் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி அதன்மேல் ஒரு தண்ணீர் டம்ளர். ஒருபுறம் முப்பத்தொன்பது வயதுப் பெண் நிற்கிறாள். எதிரே அவள் கணவனின் தம்பி உட்கார்ந்திருக்கிறான். கணவன் சுவரில், சட்டத்துக்குள் இருக்கிறான். பேனா தம்பியின் கையில் இருக்கிறது. அந்தப் பேனாவைப் பாருங்கள். அநியாயம் அதன் முனையில்தான் நிற்கிறது.

காலை மணி ஏழே முக்கால். படிவம் மாலை ஐந்துக்குள் தபாலில் சேர வேண்டும்.

தம்பி பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"ஆறு வாரமா?"

"ஆறு வாரம்தான் தம்பி."

"'தான்'னு சொல்றீங்க. ஆறு வாரம் அடுப்பை யாரு பத்த வைக்கிறது? அம்மா முட்டிக்கு எண்ணெய் யாரு தேய்க்கிறது?"

"நீங்க வீட்லதானே இருப்பீங்க. எண்ணெய் தேய்க்கக் கையெழுத்து வேணாம், கை போதும்."

உள்ளறையில் மாமியார் இருமினாள். இருமலா சிரிப்பா என்பது அவளுக்கே வெளிச்சம்.

"நக்கலெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா விடுதியில தங்கணும்னு போட்டிருக்கு. ஆம்பளைங்களும் வருவாங்க. புருஷன் இல்லாத பொண்ணு ஆறு வாரம் வெளியூர்ல தங்கினா நாலு பேரு என்ன பேசுவாங்க? நான் தெருவுல தலைகாட்ட வேணாமா?"

"போன வருஷம் கம்பெனி உங்களை அனுப்பிச்சே, புது லிஃப்ட் பழகறதுக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை. அப்போ யாரு கையெழுத்துப் போட்டா?"

"அது தொழிலுக்காகப் போனது."

"இது சினிமா பார்க்கவா?"

"லிஃப்ட் வேலையும் இதுவும் ஒண்ணா அண்ணி? நான் ஒரு கம்பியைத் தப்பா மாட்டினா ஆளு செத்துருவான். நீங்க புஸ்தகம் அடுக்குறீங்க. பெரிசை ஒரு பக்கம், சின்னதை ஒரு பக்கம். இதுல கத்துக்க என்ன இருக்கு? அந்த நாற்காலியே அண்ணன் விட்டுட்டுப் போனது. உட்கார்ந்திருக்கீங்க. அது போதாதா?"

பேனா அவன் சட்டைப்பையில் ஏறிக்கொண்டது. "சாயங்காலம் பார்ப்போம்" என்று எழுந்தான். மாலைக்குள் தபால் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

இந்தக் கையெழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ஆறாண்டுகளுக்கு முன் இவள் கணவன் நகர நூலகத்தில் உதவியாளனாக இருந்தபோதே காய்ச்சலில் இறந்தான். அலுவலகம் இரக்கப்பட்டு அந்த வேலையை மனைவிக்குத் தந்தது. அப்படித் தரும்போது, "எங்களுக்கு மறுப்பில்லை" என்று இறந்தவனின் தாயும் தம்பியும் ஒருமுறை எழுதித் தர வேண்டும், தந்தார்கள். விதி அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கையெழுத்து வீட்டில் ஆயுள் சாசனமாகிவிட்டது. அவள் உட்கார்ந்தால் அண்ணன் நாற்காலி. எழுந்தால் குடும்ப மானம்! விதிப்புத்தகத்தில் பயிற்சிக்குக் குடும்பத்தார் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரியும் கிடையாது. அவள் தேடிப் பார்த்துவிட்டாள். தேடுவது அவள் தொழில்.

வரியில்லாத இடத்தில் வரி போட்டவர் தலைமை நூலகர். படிவத்தின் அடியில் ஸ்கேல் வைத்து, பென்சிலால் நான்கு கோடு இழுத்து, "குடும்பத்தார் ஒப்புதல்" என்று அழகான கையெழுத்தில் ஒரு கட்டத்தை அவரே உண்டாக்கியிருந்தார்.

அவரையும் பார்த்துவிடுவோம். வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர் பைக்காரர். ஏழு பயிற்சிகளுக்குப் போனவர். ஒவ்வொரு பயிற்சியிலும் கலந்துகொண்டவர்களுக்கு ஒரு துணிப்பை தருவார்கள். ஏழு பைகளும் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. கணினிப் பட்டியல் பயிற்சியின் பையில் அவர் குடை இருந்தது. நூலகத்தின் கணினி மூன்றாண்டுகளாகத் துணிபோர்த்தி உறங்கியது. நூல்களை வகைபிரிக்கும் பயிற்சியின் பையில் அவருடைய மதியச் சாப்பாடு வரும். ஏழு முறை அறிவு அவர் வாசல்வரை வந்தது. ஏழு முறையும் பையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனது.

சிரிக்காதீர்கள். இதில் சிரிப்புக்கு இடமில்லை என்பதைச் சொல்லத்தான் உங்களை அழைத்தேன்.

சென்ற ஆண்டு ஒரு தையல்காரம்மா நூலகத்துக்கு வந்தாள். அவள் அக்காவுக்கு மார்பில் கட்டி. மருத்துவர் உடனே அறுக்க வேண்டும் என்கிறார். அக்கம்பக்கத்தார் கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்கள். அக்கா பயந்து மருத்துவமனைப் பக்கமே போக மறுக்கிறாள். "எது நெசம்னு போட்டிருக்கிற புஸ்தகம் ஏதாவது இருக்கா சார்?" பைக்காரர் மருத்துவ அலமாரியை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் இல்லம்மா."

இருந்தது. "புற்றும் அதன் பரவலும்" என்ற தலைப்பில், எளிய தமிழில், படங்களோடு இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, பூச்சிகளுக்குரிய அலமாரியைத் தூசி தட்டியபோது இவள் கையில் அது சிக்கியது. தேனீக்களைப் பற்றிய நூலுக்கும் எறும்புகளைப் பற்றிய நூலுக்கும் நடுவே. தலைப்பில் "புற்று" என்பதைப் பார்த்ததும் கறையான் புற்று என்று முடிவுகட்டி, உள்ளே ஒரு பக்கத்தையும் திறக்காமல் பூச்சியினத்தின் எண்ணை முதுகில் ஒட்டிவிட்டார், ஏழு பைகளின் சொந்தக்காரர்.

அவள் நூலை எடுத்துக்கொண்டு தையல்கடைக்கு ஓடினாள். கடை பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளில் அக்காவின் படமும் அதற்குக் கீழே இரண்டு தேதிகளும் இருந்தன.

அன்றுமுதல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்தப் புது நூல் வந்தாலும் பொருளடக்கத்தைப் புரட்டாமல் கீழே வைக்க மாட்டாள். நடக்கும்போதே விரல்கள் நூல்களின் முதுகுகளைத் தடவிக்கொண்டு போகும். இன்னும் எந்த அலமாரியில் எவருடைய உயிர் தவறான எண்ணோடு நிற்கிறதோ! வகைபிரிக்கக் கற்க வேண்டும். கணினியில் பட்டியலிடக் கற்க வேண்டும். தேடிவருபவர் சொல்லத் தெரியாத கேள்வியைக் கண்டுபிடிக்கக் கற்க வேண்டும். இந்த ஆறு வாரப் பயிற்சி அதைத் தருகிறது. இதை முடித்தவர்தாம் நூலகராக முடியும். வயது வரம்பு நாற்பது. அவளுக்கு இது கடைசி ஆண்டு.

அந்தக் காலை அவள் நூலகத்துக்குள் நுழைந்தபோது பைக்காரர் எட்டாவது பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டுக்கு ரயில்.

"கையெழுத்து வாங்கிட்டியாம்மா?"

"அது எந்த விதியில இருக்கு சார்?"

"விதியில இல்லாட்டி என்ன, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு உன் கொழுந்தன் வந்து 'எங்க வீட்டுப் பொண்ணை யாரைக் கேட்டு அனுப்புனீங்க'ன்னு சட்டையைப் பிடிச்சா நானா பதில் சொல்றது? கொண்டா. என் பங்கை முடிச்சுத் தர்றேன். அவர்கிட்ட வாங்கி ஒட்டி அனுப்பிடு."

படிவத்தை வாங்கி மளமளவென்று நிரப்பினார். பணி: உதவியாளர். வயது: முப்பத்தொன்பது. அடுத்த கட்டம் தகுதி. அங்கே பேனா ஒரு கணம் நின்றது. அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, யோசித்தே எழுதவில்லை. பழைய கோப்பில் எதைப் பார்த்திருந்தாரோ அதை எழுதினார்: "கணவர் இறப்பு."

கையெழுத்திட்டார், முத்திரை குத்தினார், குடையோடு கிளம்பிப் போனார்.

வாசகரே, அந்தக் கட்டத்தை இன்னொரு முறை படியுங்கள். தகுதி: கணவர் இறப்பு. அவள் பட்டம் பெற்றவள். வேலைக்கு வந்தபின் அஞ்சல்வழியில் நூலக அறிவியல் படித்து முதல் வகுப்பில் தேறியவள். சான்றிதழ் அலமாரியில் துணிகளுக்கு அடியில் மடியாமல் கிடக்கிறது. அவையெல்லாம் இல்லை! ஒரு மனிதன் செத்தான். அதுதான் அவள் கற்றது, அதுதான் அவள் பெற்றது, அதுதான் அவள் தகுதி! பூச்சிகளுக்கு நடுவே நின்ற அந்த நூலைப் போலவே, உள்ளே ஒரு பக்கத்தையும் திறக்காமல் இவள் முதுகிலும் ஓர் எண்ணை ஒட்டிவிட்டார்கள்.

அவள் படிவத்தோடு அலமாரிகளுக்கு இடையே நடந்தாள். வந்த ஒருவருக்கு நூல் பதிந்து கொடுத்தாள். மறுபடி நடந்தாள். மணி மூன்று. மூன்றரை. அட்டைப் பட்டியலில் தவறு கண்டால் என்ன செய்வார்கள்? சிவப்பு மையால் ஒரே ஒரு கோடு. மேலே சரியான பதிவு. ஓரத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். "கணவர் இறப்பு" மீது ஒரு கோடு. மேலே எழுதினாள்: "பட்டம், நூலக அறிவியல், முதல் வகுப்பு, ஆறாண்டுப் பணி." பிறகு பென்சில் கட்டத்துக்கு வந்தாள். அதில் ஒரே சொல்: "தேவையில்லை." கீழே தன் கையெழுத்து.

நாலே முக்காலுக்குத் தபால்பெட்டி அதை விழுங்கியது.

மாலையில் தம்பி பேனாவோடு வந்தான். "கொண்டாங்க, பார்ப்போம்."

"அனுப்பிட்டேன் தம்பி."

"யாரு கையெழுத்துல?"

"பயிற்சிக்குப் போறவ கையெழுத்துல."

அவன் குரல் தெருவரை போனது. "அப்போ நான் யாரு இந்த வீட்ல? அண்ணன் இருந்திருந்தா இப்படிச் செய்வீங்களா? புஸ்தகம் அடுக்குறவங்க திமிரைப் பாரு!"

"காலையில சொன்னீங்களே, ஒரு கம்பியைத் தப்பா மாட்டினா ஆளு செத்துருவாங்கன்னு" என்றாள் அவள். "ஒரு புஸ்தகத்தைத் தப்பா வச்சாலும் சாவாங்க தம்பி." தையல்காரம்மாவின் கதையைச் சொன்னாள். வீட்டில் அதை அவள் சொன்னது அதுவே முதல்முறை.

உள்ளறையிலிருந்து மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவருகே நின்றாள்.

"அந்த அம்மா அப்புறம் வந்துச்சா, புஸ்தகத்தை வாங்கிட்டுப் போக?"

"இல்ல அத்தை. இனிமே வந்து என்ன பண்ணப்போறாங்க?"

தம்பி பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"பேனாவை மூடி உள்ள வைடா" என்றாள் மாமியார். "சத்தம் தாங்கல."

பதினோராம் நாள் மேலிடத்திலிருந்து உறை வந்தது. உள்ளே அதே படிவம். ஒட்டியிருந்த சீட்டில் ஒரு வரி: "அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் ஏற்கப்படமாட்டா." கணவன் இறப்பைத் தகுதி என்று எழுதியது அவர்கள் கண்ணில் படவில்லை. அதை அடித்தது பட்டது! இரண்டாம் அணிக்கு மாத இறுதிவரை விண்ணப்பிக்கலாம் என்று புதிய படிவம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள்.

அன்றே பைக்காரரும் திரும்பி வந்தார். எட்டாவது பையை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தவர் முன், புதிய படிவத்தை அவள் வைத்தாள். எல்லாக் கட்டங்களும் அவள் கையால் நிரம்பியிருந்தன. ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. தகுதிக் கட்டத்தில் எது இருக்க வேண்டுமோ அது இருந்தது. உங்கள் கையொப்பம் மட்டும் பாக்கி என்றாள்.

அவர் படிவத்தின் அடிப்பகுதியைப் பார்த்தார். அங்கே வெறும் வெள்ளை.

"ஸ்கேல் எங்கம்மா?"

"காணோம் சார்."

"இங்கதானே வச்சிருந்தேன்?"

"தப்பான இடத்துல வச்சிருப்பீங்க. தேடணும்."

அவர் அவளைப் பார்த்தார். "அப்புறம் பார்க்கலாம்" என்று படிவத்தின்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார்.

மாத இறுதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. படிவம் அந்தக் குண்டின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அவள் மேசையைத் துடைக்கிறாள். குண்டைத் தூக்கித் தூசி தட்டுகிறாள். படிவத்தை மேலாக, அவர் கண்ணில் படும்படி வைக்கிறாள். அவள் கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் மட்டும் கேட்டால் போதுமா?

உங்கள் ஊரிலும் ஒரு நூலகம் இருக்கிறது. நாளைக்கே போங்கள். நூல் எடுக்க வேண்டாம். மேசைக்கு முன்னால் நின்று, உரக்கக் கேளுங்கள்: "இந்த ஆண்டு பயிற்சிக்கு யாரை அனுப்பினீர்கள்? யாரை அனுப்பவில்லை? ஏன்?" பதில் வரும்வரை நகராதீர்கள். அதற்குமுன் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையையும் ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் படிவம் உங்கள் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறதா? பேனாவை மூடுங்கள். டம்ளரை எடுங்கள். அது உங்கள் கட்டமல்ல.