காரணம் இல்லாமல் வெளியே போகாது

விடிவதற்குள் முதல் லாரி வாயைத் திறந்தது. ஊர் வாங்கிப் பார்த்து வேண்டாமென்று தள்ளியதெல்லாம் எங்கள் குடோனில்தான் வந்து விழும். விருந்துக்குப் போட்டுவிட்டு 'அளவு சரியில்லை' என்று திரும்பிய கோட்டு. மழையில் நடந்துவிட்டு 'நிறம் பிடிக்கவில்லை' என்று வந்த செருப்பு. உறையைக் கிழித்து, முகர்ந்து, துடைத்து, காரணம் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி, ஓடும் பெல்ட்டில் விடவேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் ஒற்றைச் செருப்புகூட வாசலைத் தாண்டக் கூடாது. முதலாளியின் சட்டம். சட்டத்தில் அவர் ரொம்பக் கறார்.

அன்று, பிரித்து முகர்ந்து பார்ப்பதே வேலையான எங்கள் மோப்பக்கா திறந்த பெட்டியில் வீங்கிய பேட்டரி. இந்த மாதிரி வருகிறதே, தீப்பிடித்தால் அணைக்க மணல் வாளி வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தோம். 'பார்க்கலாம்' என்றார் முதலாளி. பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

வெடித்தது. அக்காவின் வலது கை மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி போர்த்தினோம்.

முதலாளி ஓடிவந்தார். முதலில் பெல்ட் ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு பெட்டியை. கடைசியில் அக்காவை.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு என்னம்மா செய்வே? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"வைத்தியச் செலவு?" என்றார் பெட்டி ஒட்டும் பெரியவர்.

"நானாய்யா கொளுத்துனேன்?"

அக்கா வாசல் பக்கம் நடந்தாள். ஸ்டிக்கர் ஒட்டும் நெட்டையன் குறுக்கே வந்து நின்றான்.

"நில்லுக்கா. காரணம் ஒட்டாம எதுவும் வெளிய போகக் கூடாது."

"விளையாடாதடா!" என்றார் முதலாளி.

"உங்க சட்டம்தானே ஐயா. சொல்லுங்க, எழுதறேன். அளவு சரியில்லையா? நிறம் பிடிக்கலையா?"

"பழுதுன்னு போட்டுத் தொலை!"

"போடறேன். வரும்போதே பழுதா, நம்மகிட்ட வந்தப்புறம் பழுதாச்சா? அதையும் எழுதணுமே ஐயா."

முதலாளி மறுபடி பெல்ட்டைப் பார்த்தார்.

பெரியவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் நின்றது. அந்த இரைச்சல் அடங்கிய பிறகுதான் இத்தனை பேர் மூச்சு விடுகிறோம் என்பதே எங்களுக்குக் கேட்டது.

"எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. ஆளுக்கொரு காரணம் யோசிச்சு வைங்க," என்றார் பெரியவர்.

முதல் லாரியின் ஓட்டுநர் முன்கதவைத் திறந்தார். "சரக்கு கிடக்கட்டும். ஏறுக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நெட்டையன் ஒரு ஸ்டிக்கரில் எழுதி அக்காவின் தோளில் ஒட்டினான்: 'சிகிச்சைக்கு. திரும்ப வருவார்.'

"அடப் பாவி," என்று வலியோடு சிரித்தாள் அக்கா.

லாரி புறப்பட்டது. வாளியும் வரவில்லை, செலவுக்கு முதலாளியிடமிருந்து ஒரு வாக்கும் வரவில்லை. நின்றுபோன பெல்ட்டின் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்தோம். வெளியே காத்திருந்த அடுத்த லாரி ஹாரன் அடித்தது. எங்களை எட்டிப் பார்த்த அதன் ஓட்டுநர், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"தள்ளி உட்காருங்கப்பா," என்றார்.