வெனீருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் நான் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன். ரைஸ் குக்கர், ஹெல்மெட், போன வருஷம் வாங்கிய மெத்தை, எதையும் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் லோகன் கேலி செய்வார். செய்யட்டும். வைக்காவிட்டால் எனக்குத்தான் மனசு அடித்துக்கொள்ளும்.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம். நடை வந்துவிட்டது. இடது கையும் அசையும், பிடிக்கும்; உணர்ச்சிதான் இல்லை. கொதிக்கிற கோப்பையைப் பிடித்தாலும் தெரியாது. காப்பார் டவுனில் அவர் பதினான்கு வருஷம் வேலை செய்த அலமாரிப் பட்டறையின் முதலாளி முகுந்தன் கெட்டவர் இல்லை. கை மரத்த ஆள் கத்தியும் மெஷினுமாக நின்றால் விரல் போவதுகூடத் தெரியாதே என்று பயந்தார். நான் நாலு தடவை போய் நச்சரித்த பிறகு, ஒரே ஒரு பலகைக்குத் தனியாக வெனீர் ஒட்டிக் காட்டட்டும், சுத்தமாக வந்தால் திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றார். மறுபடி கேட்டு வரக் கூடாது என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கிள்ளானில் கோயிலுக்குப் போய்விட்டு, அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன்.

வெனீர் என்றால் தாள் போலச் சீவிய மரம். அன்று கொடுத்தது வெளுத்த நிறம், பால் சிந்தினால்கூடத் தெரியாது. லோகன் அதைக் கத்தியால் அளவாக வெட்டும்போது நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். அவரோ விசிலடித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக நான் கேட்காத விசில். பிறகு திரும்பி நின்று, பலகையில் பசை ஊற்றி உருளையால் தேய்த்தார். அந்த நேரத்தில்தான் வெனீரைத் தூக்கி, யாரும் பார்க்கப்போகாத அடிப்பக்கத்தில், கோயில் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பசை காய்வதற்குள் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்.

பலகையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் தள்ளி, வாயை அடைத்து, பம்பைப் போட்டார். பம்பு காற்றை உறிஞ்ச உறிஞ்சப் பை சுருங்கிப் பலகையோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப வெளிக்காத்துதான் மேல ஏறி மிதிக்குது. பத்து பேரு ஏறி நின்னாலும் இப்படி அழுத்த முடியாது," என்றார்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எதிர்க்கடையில் நாசி லெமாக் சாப்பிட்டோம். திங்கட்கிழமை காலில் மாட்டிக்கொள்ளப் பழைய சப்பாத்தைத் தேடி வைக்கச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முகுந்தன் வந்ததும் லோகன் பையைத் திறந்தார். ஓரமெல்லாம் கச்சிதமாக ஒட்டியிருந்தது. நட்டநடுவில், விரல் நுனி அகலத்துக்கு, ஒரு சிவப்புக் கறை.

பசையின் ஈரத்தில் சாயம் கரைந்து, அந்த அழுத்தத்தில் மெல்லிய மரத்தை ஊடுருவி மேலே வந்திருக்கிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. லோகனுக்கு வேறு விதமாகப் புரிந்தது. இடது கையைத் தூக்கி விரல் விரலாகப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் சின்னதாக ஒரு கீறல் இருந்தது. மரவேலை செய்கிறவர் கையில் கீறலுக்கா பஞ்சம்?

"எப்ப வெட்டிக்கிட்டீங்க லோகன்?" என்று மெதுவாகக் கேட்டார் முகுந்தன்.

"தெரியல பாஸ்."

அது ரத்தம் இல்லை, குங்குமம், நான்தான் வைத்தேன் என்று படபடத்தேன். கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். எந்தத் தமிழ்ப் பொம்பளையின் கைப்பையில்தான் அது இல்லை? முகுந்தன் என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

"அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது லா," என்றார்.

நான் லோகனின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சொன்னேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"போதும் குமுதா. எனக்காகப் பொய் சொல்லாத."

கை சீக்கிரம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக எட்டு மாதமாக நான் சொல்லிவந்ததுதான் பொய். அதை நம்பினார். இதை இன்றுவரை நம்பவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறார்.

இப்போது வீட்டில் அவர் கத்தியைத் தொடுவதில்லை. மாம்பழம்கூட நான்தான் நறுக்கித் தருகிறேன். தின்று முடித்ததும், ரத்தம் வருகிறதா என்று இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.