ஐநூறு கேபிக்குள் பதினான்கு வருஷம்

எனக்கு அடுத்தவர் சமாச்சாரம் எதற்கு? ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கத்தான் தெருமுனை டேரிலின் கடைக்குப் போனேன். எடுத்து முடித்தும் ஒன்றரை மணி நேரம் ஸ்டூலை விட்டு எழவில்லை என்றால் அதற்கு ஹெலன்தான் காரணம்.

ஹெலன் என் எதிர்வீட்டுக்காரி. அரசுப் பள்ளிகளில் தற்காலிக டீச்சர். வருஷத்துக்கு ஒரு பள்ளி, வருஷத்துக்கு ஓர் ஆர்டர், இப்படியே பதினான்கு வருஷம். இந்தத் தடவை நிரந்தரமாக்குகிறார்களாம். பதினான்கு பள்ளிகளின் சான்றிதழையும் அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரே பிடிஎஃப், ஐநூறு கேபிக்குள். கெடு என்னவோ ஒரு மாதம் இருந்தது. கடைசி ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டது அன்று காலைதான். அந்த மனுஷனைப் பற்றித் தனியாகச் சொல்லலாம்.

போனில் எடுத்த படங்களை முதலில் ஏற்றினாள். 'இன்வேலிட் ஃபைல்' என்றது. டேரில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கினான். பதினோரு எம்பி வந்தது, அதுவும் இன்வேலிட். நானூற்றுத் தொண்ணூறு கேபிக்குக் குறைத்தான். அப்போதும் அதே இரண்டு வார்த்தை.

"இன்னும் சுருக்கு டேரில்."

"லிமிட்டுக்குள்ளதான் மிஸ் இருக்கு." அவன் மகள் அவளிடம் படிக்கிறாள், அந்த மரியாதை.

"சுருக்குன்னா சுருக்கு. அதே பேர்லயே சேவ் பண்ணு, நாலு பேர் வெச்சா குழம்பிடும்."

முந்நூறு ஆயிற்று, இருநூறு ஆயிற்று, நூற்றிருபதும் ஆயிற்று. கணினி மனம் இரங்கவில்லை. ஹெல்ப்லைனுக்கு அடித்தாள். "ஃபைல் சரி மாடி ஹாகி மேடம்" என்று, சரி செய்து போடச் சொல்லிக் கன்னடத்தில் புத்தி கூறிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"இந்த வருஷத்தோட எனக்கு வயசு தாண்டிடுது தனம் அக்கா," என்றாள் என்னைப் பார்த்து. "அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது." புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நான்கு நாற்பது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் குனிந்தேன். பார்ப்பதற்குக் காசா கேட்கிறார்கள்? ஃபைலின் பெயரில், ஹெலன் என்பதற்கு முன்னால் ஒரு கூட்டல் குறி நின்றது.

"இது எதுக்கும்மா பிளஸ்?"

"பிளஸ் இல்ல அக்கா. சிலுவை."

மளிகைச் சீட்டின் தலையில்கூட சிலுவை போடாமல் எழுதமாட்டாள். பெயரை டைப் அடித்தது அவளேதான், டேரிலைத் தொடவிடவில்லை.

டேரில் திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தான். "பேர்ல எழுத்தும் நம்பரும் மட்டும்தான் எடுக்குமாம், மிஸ்."

"நான் பிள்ளையார் சுழி போட்டிருந்தாலும் கதி இதுதான்," என்றேன் ஆறுதலாக. ஹெலனுக்குச் சிரிப்பு வரவில்லை. அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தபடி உதடுகளை அசைத்தாள். பிறகு அழுத்தினாள்.

"மிஸ், ஒரு நிமிஷம்," என்றான் டேரில். "சைஸ்ல தப்பே இல்ல. அந்த நானூத்தித் தொண்ணூறே போயிருக்கும். ஆனா அதே பேர்ல சேவ் பண்ணிப் பண்ணி, இப்ப மங்கிப்போன இந்த நூத்திருபதுதான் மிச்சம்."

"மறுபடி ஸ்கேன் பண்ணு."

"பதினாலு பேப்பர். கால் மணிக்கு மேல ஆகும். முடியலன்னா இதுவும் போயிடும்."

நான்கு ஐம்பது. ஹெலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். "இதையே போடு."

போட்டதும் ஏற்றுக்கொண்டது. இனி திருத்த முடியாது என்றும் ஒரு வரி வந்தது.

போனதை ஒரு பிரதி எடுக்கச் சொன்னாள். தாளில் முத்திரைகள் ஊறுகாய்க் கறை மாதிரி இருந்தன. கையெழுத்துகள் செத்த எறும்புகள்.

"படிக்க முடியுதா அக்கா?"

"நல்லாத் தெரியுதே."

"எங்க, வாசிங்க."

டீச்சர் புத்தி. ஆனால் எந்த வருஷம் எந்தப் பள்ளி என்று இந்தத் தெருவில் என்னைவிட யாருக்குத் தெரியும்? பொம்மனஹள்ளியில் தொடங்கி, பிரேசர் டவுன் வழியாக, கடைசி ஹெட்மாஸ்டர் பெயர்வரை கடகடவென்று ஒப்பித்தேன்.

ஹெலன் தாள்களை என் கையிலிருந்து வாங்கி ஒழுங்காக அடுக்கினாள்.

"இதைச் சரிபார்க்கப் போற ஆபீசர் நம்ம தெருவுல இல்லையே அக்கா," என்றாள்.