எது எடுத்தாலும் இலவசம்

திருப்பூர் வேலம்பாளையம் கிளை நூலகத்துக்கு விஜயகுமாரி மாற்றலாகி வந்தபோது, அங்கே செய்தித்தாள் படிக்க வருகிறவர்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் ராசிபலன் பார்த்து முடித்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை நகர்த்திப்போட்டுத் தூங்கிவிடுவார்கள். அலமாரிப் பக்கம் யாரும் போவதில்லை. அவளும் அதற்குப் பழகியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாசகர்களிடம் அவள் அதிகம் சொன்ன வார்த்தை ‘மெதுவா’ என்பதுதான். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வாள்.

மாவட்ட அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில்தான் சங்கடம் ஆரம்பித்தது. புத்தகம் எடுப்போர் இல்லாத கிளைகளைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடப் போவதாகவும், அதற்கு முன் எல்லோரும் மக்களிடம் போய் விளம்பரம் செய்து, போட்டோவை வாட்ஸப் குழுவில் போடவேண்டும் என்றும் அதிகாரி சொல்லிவிட்டார்.

விஜயகுமாரி முதலில் நூலகத்துக்கு அடுத்த தெருவில் பனியன் கம்பெனி வைத்திருந்த மருதாசலத்தைப் போய்ப் பார்த்தாள். இந்த மாதம் புதிதாகச் சேர்கிறவர்களின் உறுப்பினர் கட்டணத்தை அவர் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது.

அடுத்து ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்யும் சகாயராஜைப் பிடித்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கு வந்தவன் அவன். தையலைவிடத் தன் தொண்டைக்குத்தான் இந்த ஊரில் மதிப்பு அதிகம் என்று சீக்கிரமே கண்டுகொண்டான். பனியன் தள்ளுபடி விற்பனை, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் குரலில்தான் தெருவுக்கு வரும்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து அறிவிப்பை எழுதியிருந்தாள். ‘அறியாமை இருளகற்றும் அணையா விளக்காம் நூலகத்தை நாடி வாரீர்’ என்று தொடங்கி அரைப் பக்கம் போயிற்று. சகாயராஜ் அதை எழுத்துப் பிசகாமல் வாசித்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தான். காலனியில் மூன்று வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, யார் தவறிவிட்டார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரித்ததாகச் சொன்னான். ஒரு பெரியவர் அணையா விளக்கு என்று காதில் விழுந்ததுமே துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாராம்.

விஜயகுமாரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“மேடம், ஞாயித்துக்கிழம ஒரு தடவ என் போக்குல விடுங்க. கூட்டம் வரலைன்னா எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்” என்றான் சகாயராஜ்.

“பொய் மட்டும் சொல்லக் கூடாதுங்க.”

“சத்தியமா ஒரு வார்த்த பொய் சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க.”

ஞாயிறு காலையில் அவள் நூலகத்தைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோது தூரத்தில் அவன் குரல் கேட்டது. எது எடுத்தாலும் இலவசம் என்றது அது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, எல்லா சைஸிலும் இருக்கிறது. கை படாத பீஸ்கள் ஏராளம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளுங்கள். இடம், நூலகக் கட்டடம்.

கை படாத பீஸ்கள் என்பதைக் கேட்டதும் விஜயகுமாரி தூசித் துணியைக் கீழே போட்டாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் தெருமுனை தெரியவில்லை. அவ்வளவு கூட்டம். சம்பளம் வாங்கிய மறுநாள், வார விடுமுறை வேறு. பைக்கில் வந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், மருதாசலத்தின் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ரங்காத்தாள் ஒரு காலி சிமென்ட் சாக்கோடு நின்றாள். பீகார் பையன் ஒருவன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “தீதீ, எக்ஸெல் ஹை க்யா?” என்று இந்தியில் பெரிய சைஸ் கேட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்கள் அலமாரிகளைப் பார்த்துவிட்டு அதற்குப் பின்னால் பனியன் இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை என்றதும் சத்தம் கிளம்பியது. ஒருவர் பல்லடத்திலிருந்து பெட்ரோல் போட்டு வந்ததாகக் கத்தினார். மின்விசிறிக்குக் கீழே தூங்கியவர்கள் தீ விபத்து என்று நினைத்து எழுந்து ஓடினார்கள். விஜயகுமாரி எல்லோரிடமும் ‘மெதுவா, மெதுவா’ என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

அவள் ஆட்டோவுக்குப் போய் சகாயராஜின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். மைக்கில் பேசுவது அதுதான் முதல் தடவை.

“இங்க பனியன் இல்லீங்க” என்றாள். அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று ஒரு கணம் திகைத்து நின்றாள். “புத்தகந்தானுங்க இருக்குது. ஆருமே எடுக்கறதில்லீங்க. இப்படியே போனா இந்த லைப்ரரிய மூடிப்போடுவாங்க. அதுக்குத்தானுங்க கூப்பிட்டோம். ஏமாந்து வந்தவிங்க மன்னிச்சுக்கோங்க.”

கூட்டம் அடங்கியது. ரங்காத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“காசு இல்லீங்கறது நெசந்தானா கண்ணு?”

“நெசந்தானுங்க.”

“அப்ப வந்ததுக்கு ஒண்ணு குடு. வெறுஞ்சாக்க எடுத்துட்டு ஊட்டுக்குப் போனா சிரிப்பாங்க.”

அவள் உள்ளே போனதும் மற்றவர்களுக்கும் மனசு கேட்கவில்லை. இன்னொருத்தி எடுத்துப்போகும்போது தான் மட்டும் எடுக்காமல் போவதா என்று அவர்களும் நுழைந்தார்கள். திருப்பூர்க்காரர்கள் சரக்கு எடுக்கிற மாதிரியே புத்தகம் எடுத்தார்கள். தாளை இரண்டு விரலில் தேய்த்துக் கனம் பார்த்தார்கள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு பெண் புத்தகத்தின் முதுகை இழுத்துப் பார்த்துத் தையல் விட்டிருக்கிறது, வேறு பீஸ் கொடுங்கள் என்றாள். பீகார் பையனுக்குப் படம் போட்ட தமிழ் அரிச்சுவடி கிடைத்தது. ரங்காத்தாள் இருப்பதிலேயே பெரியது வேண்டும் என்று கேட்டு, செங்கல் கனத்தில் ஒரு துப்பறியும் நாவலைத் தூக்கிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதைச் சாக்கில் போட்டுத்தான் கொண்டுபோனாள்.

விஷயம் கேள்விப்பட்டு மருதாசலம் வந்தார். உறுப்பினராகச் சேர நின்ற வரிசை தெருவைத் தாண்டியிருந்ததைக் கண்டு அவர் சிரிப்பு நின்றுபோனது. ஆனாலும் கொடுத்த வாக்கை மீறவில்லை.

மாலையில் விஜயகுமாரி பாதி காலியான அலமாரிகளைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டாள். புத்தகங்கள் திருட்டுப் போய்விட்டனவா என்று அதிகாரி பதறிப்போய்க் கேட்டார். இல்லை, படிக்க எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று அவள் பதில் போட்டாள். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மருதாசலம் போன் செய்தார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

ரங்காத்தாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாவலை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கிறாளாம். செக்கிங் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். இப்போது அயர்ன் மாஸ்டர்களும் பேக்கிங் ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். மணி அடித்தாலும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. மிஷினுக்குப் போனாலும் கொலை செய்தது மில் முதலாளியின் தம்பியா, கணக்குப்பிள்ளையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். நேற்று அந்தச் சண்டையில் ஒரு பெட்டி முழுக்க அளவு மாறிப்போய்விட்டது.

“ஏனுங்க மேடம், நீங்க அதைப் படிச்சிருப்பீங்கல்ல?” என்றார்.

“படிச்சிருக்கேனுங்க.”

“கொன்னது ஆருன்னு சொல்லிப்போடுங்க. நான் மைக்குல அறிவிச்சுப்போடறேன். நாளைக்குக் கன்டெய்னர் போகோணும்.”

விஜயகுமாரி யோசித்தாள். உறுப்பினர் கட்டணம் கொடுத்த மனிதர். கம்பெனி நின்றால் நஷ்டமும் அவருக்குத்தான். வாய்வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

“அதை மட்டும் சொல்ல மாட்டேனுங்க” என்றாள். “ரங்காத்தாக்கா கடைசி அத்தியாயத்துக்குப் பக்கமா வந்திருப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

மருதாசலம் சட்டென்று போனை வைத்தார்.

மறுநாள் அவர் மணி அடித்ததும் எல்லோரையும் விரட்டுவது என்று முடிவு செய்துகொண்டு கேன்டீனுக்குப் போனார். ரங்காத்தாள் அப்போதுதான், பூட்டிக்கிடந்த அறைக்குள் கணக்குப்பிள்ளை நுழையப் போகிற இடத்தில் இருந்தாள். முதலாளியைப் பார்த்ததும் விரலை வரியில் வைத்து நிறுத்தினாள். பெண்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியை மூடத் தொடங்கினார்கள். மருதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற கன்டெய்னர் லாரியைப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உள்ளே போனானா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

கன்டெய்னர் அதற்கு மறுநாள்தான் போயிற்று.