மடிக்காத இலை

நான் இன்னும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் எனக்குப் புதிதாகச் சாப்பாடு தர முடியாது என்று பிலோமினா அக்கா சொன்னார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து இருக்கும் சாராயக்கடை அது. முன்பக்கம் குடிக்க, பின்பக்கம் சாப்பிட. கல்லாவில் எப்போதும் பிலோமினா அக்காதான். மில்லில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில் அங்கே கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பிறகு வேலையை விட்டுவிட்டேன். அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இன்று மதியம் பசித்தது. வழக்கமாக எனக்குப் பகலில் பசிப்பதில்லை. அதனால் கிளம்பி வந்தேன்.

"இப்பத்தான்கா வர்றேன்," என்றேன்.

"கை கழுவப் போனியா?"

"இல்ல. வீட்லேர்ந்து வர்றேன்."

"எழுந்திரிக்கும்போது இலைய மடிச்சியா?"

யோசித்துப் பார்த்தேன். கடைசியாக வந்த அன்று பாதிச் சோற்றில் மில் சங்கு ஊதிவிட்டது. எழுந்து ஓடினேன்.

"மடிக்கல."

"அப்ப இன்னும் சாப்டுட்டுதான் இருக்க. போ, ஆறிடப்போவுது. பாவம், வேதாசலம் வேற உன் பின்னாடி நிக்கிறாரு."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"இங்க இல்லப்பா. உள்ள."

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு நடை உண்டு. முன்பெல்லாம் நாலு எட்டில் கடந்துவிடலாம். இப்போது பாதி வழியில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. பிராந்தி டம்ளரோடு ஒருவர் நின்றிருந்தார்.

"பஸ் வருமாண்ணா?"

"வராது. கூரை தாழ்வு."

நடந்தே போனேன். கால் வலித்தது. குழம்பு வாசனை வந்த பிறகும் நெடுநேரம் நடக்க வேண்டியிருந்தது.

உள்ளே கூட்டம். சாப்பாட்டு நேரத்தில் இடம் வேண்டுமென்றால் சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவன் எழுந்ததும் அந்த இடம் நமக்கு. எந்த ஊரிலும் இதுதான் வழக்கம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். அந்தக் கடையில் எந்த நாற்காலியும் இன்னொன்றைப் போல இருக்காது. ஒன்று குட்டை. ஒன்றுக்குக் கால் வளைவு. ஒன்று தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

ஜன்னலோரம் என் இலை இருந்தது. சோற்றில் ஆவி பறந்தது. முட்டையைப் பாதி பிட்டு வைத்திருந்தேன். நாற்காலி காலி. அதன் முதுகைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார்.

"வாங்க," என்றார் வேதாசலம். "மெதுவா சாப்டுங்க. அவசரமில்ல."

"எப்பலேர்ந்து நிக்கிறீங்க?"

"நீங்க எழுந்து ஓடுனீங்களே, அப்பலேர்ந்து. எடம் கெடச்சிடுச்சின்னு நெனச்சேன். இலை மடிக்கலன்னுட்டாங்க."

"வேற எங்கயாவது போயிருக்கலாமே?"

"இவ்ளோ பசிய வெச்சிக்கிட்டு எங்கங்க போறது?"

வேட்டிக்குக் கீழே அவர் காலைப் பார்த்தேன். தேக்கு. நல்ல வார்னிஷ்.

"தொடை வரைக்கும் வந்துடுச்சி," என்றார். "வலி இல்ல. மழைக்காலத்துல கொஞ்சம் உப்பும், அவ்ளோதான். வயித்துக்கு வந்துட்டா அப்புறம் பசிக்காதாம். அதுக்குள்ள ஒரு சாப்பாடு சாப்டுடணும்."

உட்காராமலே இலையை மடித்தேன். அது விரிந்துகொண்டது. மறுபடி மடித்தேன். மறுபடி விரிந்தது.

கப்ரியேல் குழம்பு வாளியோடு வந்தார். என் காலத்திலும் அவர்தான் பரிமாறினார். அந்தக் காலத்து ஆள். யாரையும் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசே என்றுதான் கூப்பிடுவார்.

"பசியோட மடிச்சா நிக்காது முசே. வயிறு நெறஞ்சி மடிக்கணும்."

"இவருக்கு வேற இலை போடுங்களேன்."

"எங்க போடறது? அங்கதான் உங்க இலை இருக்கே."

"பக்கத்துல?"

"பக்கத்து இலை பக்கத்துக்காரருது," என்றார். நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார்.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். கறி பஞ்சாக வெந்திருந்தது. சுக்காவில் மிளகு சரியாக இருந்தது. தலைக்கறி வைத்தார்கள். ரசம் ஊற்றினார்கள். மோர் ஊற்றினார்கள். மறுபடி சோறு வந்தது. எல்லாம் இறங்கியது. வயிறு நிறையவில்லை. சாப்பிடச் சாப்பிடப் பசி கூடியது. எனக்குப் புரியவில்லை. பின்னால் மரம் முறுக்குகிற சத்தம் கேட்டது.

"எதுவரைக்குங்க?" என்றேன். திரும்பவில்லை.

"வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. வழுக்குது. நீங்க சாப்டுங்க."

"இதுலயே ஒரு வாய் எடுத்துக்கங்களேன்."

"எச்சி இலைல திங்கறதுக்காய்யா இத்தன நாள் நின்னேன்?"

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். நான் வேகமாக அள்ளிப் போட்டேன். வேகமாகச் சாப்பிட்டால் இன்னும் வேகமாகப் பசித்தது. மறுபடி அந்தச் சத்தம்.

"தொப்புள்கிட்ட சில்லுன்னு இருக்கு," என்றார். குரல் இழுப்பறை திறப்பதுபோல் வந்தது.

இலையில் ஈரல் துண்டு ஒன்று மிச்சமிருந்தது. பெரிய துண்டு. கடைசியில் சாப்பிடலாம் என்று ஓரமாக வைத்திருந்தேன். அதைக் கொஞ்சநேரம் பார்த்தேன். பிறகு இலையை என் பக்கமாக மடித்து இரண்டு கையாலும் அழுத்தினேன். அது எம்பியது. நான் விடவில்லை.

கப்ரியேல் வந்து நின்றார்.

"நெறஞ்சிதா முசே?"

"நெறஞ்சிது." ஏப்பம் விட்டேன். வராத ஏப்பம்.

"கைய எடுங்க. இலைய எடுக்கறேன்."

"நானே எடுத்துக்கறேன்."

இலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சட்டையில் குழம்பு இறங்கியது. கப்ரியேல் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். துணியை எடுத்து மேசையைத் துடைத்தார்.

வேதாசலம் உட்கார்ந்தார். நாற்காலி மேல் நாற்காலி போட்டதுபோல் சத்தம் வந்தது. புது இலை விழுந்தது. தண்ணீர் தெளித்து நிதானமாகத் துடைத்தார். சோறு வந்தது. குழம்பு வந்தது. முதல் வாயை எடுத்து வைத்தார். அவர் முதுகு கொஞ்சம் தளர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குப் போக இடமில்லை. இலையைப் போட வேண்டுமென்றால் கையை விட வேண்டும். விட்டால் விரியும். விரிந்தால் அவர் எழ வேண்டும். அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். உயிர் மீன் மாதிரி இலை கைக்குள் துள்ளியது. விரலிடுக்கில் ஈரல் வாசனை வந்தது. கால்விரல் மரத்துப்போயிருந்தது. காலை மெல்லத் தூக்கித் தரையில் வைத்தேன். டக் என்றது. குனிந்து பார்க்கவில்லை.

"மெதுவா சாப்டுங்க," என்றேன். "அவசரமில்ல."

"மெதுவாத்தான் சாப்டப்போறேன்," என்றார் வேதாசலம். கப்ரியேலைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.