மேல்வரிசை நாலு பல்

ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லால்தான் சாப்பிடுகிறார்கள். பல் செட் செய்யும் லேபில் பதினோரு வருடமாக வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட முதலில் பல்லைத்தான் பார்த்தேன். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளைக்கு மேல்வரிசை முன்பல் நான்கிலும் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. வீட்டில் எலிக்குட்டி என்று கூப்பிடுவோம். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியேதான் தூங்குவாள். பல் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும், பால் விடியவிடியப் பல்லிலேயே தேங்கி அரிக்கும் என்றார். கோடு பழுப்பாகிக் குழி விழுந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் வைத்தியமாம். இனி பாலைச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுத்து, பல் தேய்த்துவிட வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் மட்டும்.

என் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டிலும் அறிவிப்புதான். "இன்னியோட பாட்டில் கிடையாது. யாரும் குடுக்கக் கூடாது" என்று சொல்லி, இருந்த பாட்டில்களைக் குப்பையில் போட்டாள். யாரும் என்றால் நான்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவளுக்கு மாலை ஷிப்ட் உள்ள நாளில் பிள்ளையைத் தூங்கவைப்பது என் பொறுப்பு. மற்ற நாளில் நான் லேபிலிருந்து வரத் தாமதமாகும், அவள் பார்த்துக்கொள்வாள். முதல் நாள் என் முறை. எலிக்குட்டி டம்ளர் பாலைக் குடித்தாள், பிரஷைக் கடித்தாள், பிறகு பாட்டில் எங்கே என்று ஆரம்பித்தாள். இருபது நிமிடம் தாக்குப்பிடித்தேன். மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். பல் அச்சு வைக்கும் பெட்டிக்குள் நான் பதுக்கியிருந்த பாட்டில் வெளியே வந்தது. அவள் தூங்கியதும் ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிட்டேன். தொழில் தெரிந்தவன் அல்லவா, இது போதும் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். உதட்டில் விரலை வைத்து, அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று பிள்ளையிடம் முன்பே கெஞ்சியாகிவிட்டது.

மறுநாள் மனைவியின் முறை. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் தூங்கிவிட்டாள் என்றாள். என்னிடமும் அப்படித்தான் என்றேன். இப்படியே ஒரு மாதம் ஓடியது. அம்மா பேச்சைக் கேட்கிறவள் அப்பன் தலையில் மட்டும் மிளகாய் அரைக்கிறாளே என்று உள்ளுக்குள் புழுங்கினேன்.

மறுபடி போனபோது டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். ஒரு பல்லில் கோடு லேசாகப் பழுப்பாகியிருந்தது. ராத்திரி பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் எங்களை விட்டுவிட்டு, என் மடியில் இருந்தவளிடம் குனிந்தார்.

"பாப்பா, தூங்கும்போது என்ன குடிப்பீங்க?"

எலிக்குட்டி என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, "உஷ்… அம்மா" என்றாள். மனைவி என்னைக் கண்ணாலேயே எரித்தாள். ஆனால் பிள்ளைக்கு ஓரவஞ்சனை கிடையாது. அவள் பக்கமும் திரும்பி, அதே விரலை வைத்து, "உஷ்… அப்பா" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்றோடு நிறுத்தினால் மருந்து பூசியே காப்பாற்றிவிடலாம், இல்லாவிட்டால் மயக்க மருந்துதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் பாட்டில் அவளுடைய மழைக்கோட்டுப் பைக்குள்ளிருந்து வந்தது. இருவரும் ஒரே இடத்தில் ஒளித்திருந்தால் முதல் வாரமே மாட்டியிருப்போம். சண்டை போட இருவருக்குமே யோக்கியதை இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இந்த மழலை பேசும் பிள்ளையை நம்பி இரண்டு கழுதைகள் ரகசியம் ஒப்படைத்திருக்கிறோம். கத்தரிக்கோலால் இரண்டு பாட்டிலின் காம்பையும் மனைவியே வெட்டினாள்.

அன்று இருவருக்கும் லீவு. எட்டு மணிக்குப் படுக்கையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். எலிக்குட்டி அழுதாள், புரண்டாள், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். மேல்வீட்டுக்காரர் தட்டினார். நாங்கள் மசியவில்லை. திடீரென்று அழுகையை நிறுத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ வேலைக்குப் போ."

மனைவி அசையவில்லை. பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீ போ."

எனக்கு உண்மையிலேயே எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. மனைவி என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையை விடவில்லை.